‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள் தம்பி

கேள்வி: வணக்கம் அக்கா. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு மாதமாக லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அதற்கு முன்பு ஏழு வருஷம் ஓவர்லாக் டெய்லர். தீபாவளி முடிந்து என் லைனுக்குப் புதிதாகப் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள், பாதிப் பேர் ஒடிசா, பீகார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லித்தருகிறேன். புரிஞ்சுதா என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். மறுநாள் செக்கிங்கிலிருந்து பாதி பீஸ் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வருகிறது, டி-ஷர்ட் கழுத்தைச் சுற்றி வைக்கிற ரிப் பட்டையில்தான் அதிகம். பத்து நாளில் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். ‘நீ நல்ல டெய்லர், ஆனா ஆளைப் பழக்கத் தெரியலை’ என்கிறார் முதலாளி. எனக்குப் பொறுமை இல்லையா, அவர்களுக்கு மண்டையில் ஏறவில்லையா?
பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: தம்பி, ரெண்டும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள்தான் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்: ‘எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லித்தருகிறேன்.’ அதுதான் தப்பு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னால் புது ஆளுக்கு எதுவும் நிற்காது. இன்னொன்று, நீங்கள் நிஜமாகவே எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. கோபப்படாதீர்கள், விளக்குகிறேன்.

நீங்கள் ஏழு வருஷம் ஓவர்லாக்கில், அதாவது துணி விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கிற மெஷினில், உட்கார்ந்தவர். உங்கள் கைக்குத் தெரிந்ததில் பாதி உங்கள் வாய்க்குத் தெரியாது. ரிப்பை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டால் ‘கொஞ்சம் டைட்டா’ என்பீர்கள். அந்தக் ‘கொஞ்சம்’ உங்கள் விரலில் இருக்கிறது, நேற்று வந்த பையனுக்கு அது வெறும் வார்த்தை. நல்ல டெய்லரை சூப்பர்வைசராக்கினால் தானாகச் சொல்லித்தந்துவிடுவார் என்று நம் ஊர்க் கம்பெனிகள் நினைத்துக்கொள்கின்றன. நல்லாச் சமைக்கிற அம்மாவிடம் ரசத்துக்கு அளவு கேட்டுப் பாருங்கள், ‘திட்டமா போடு’ என்பார். அதே கதைதான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பூ கட்டத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, கையைக் காட்டாமல், நாரையும் பூவையும் தொடாமல், வாயால் மட்டும் சொல்லி உங்களுக்கு ஒரு முழம் கட்டக் கற்றுத்தரச் சொல்லுங்கள். ரெண்டு பூவுக்கு மேல் போகாது. அப்புறம் அவரைப் பேசாமல் கட்டிக்காட்ட மட்டும் சொல்லுங்கள். விரல் போகிற வேகத்தில் நார் எங்கே சுற்றியது, எங்கே இறுகியது என்று உங்களுக்குப் பிடிபடாது. சொன்னால் மட்டும் போதாது, காட்டினால் மட்டும் போதாது என்பதை அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வீர்கள்.

இந்தச் சோதனை என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1940-இல், போருக்காகத் தொழிற்சாலைகள் ராத்திரி பகலாக ஓடத் தொடங்கிய நேரம், வேலை தெரிந்த ஆட்கள் பட்டாளத்துக்குப் போகிறார்கள், உள்ளே வருகிறவர்கள் மெஷினையே பார்க்காதவர்கள். உங்கள் லைன் மாதிரியே, ஆனால் ஒரு நாடு முழுக்க. அப்போது ‘ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’, சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ, என்று ஒரு அரசுத் திட்டம் ஆரம்பித்தார்கள். புது ஆட்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்காமல், அவர்களுக்குச் சொல்லித்தருகிற சூப்பர்வைசர்களைப் பழக்கினார்கள். ரெண்டு ரெண்டு மணி நேரமாக ஐந்து வகுப்பு, மொத்தமே பத்து மணி நேரம்தான். முதல் வகுப்பில் மின் ஒயரில் போடுகிற ஒரு முடிச்சைச் சொல்லிமட்டும் கற்றுத்தந்து காட்டுவார்கள், யாருக்கும் வராது. அப்புறம் காட்டிமட்டும் கற்றுத்தருவார்கள், அப்போதும் வராது. நான் ஒயரைப் பூவாக மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் முதலில் கைவைத்த வேலைகளில் ஒன்று லென்ஸ் தேய்ப்பது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகும் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், கைதேர்ந்த ஆள் செய்ததில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய சில்லறை வேலை. அதைத் தனியாக எடுத்து வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு, நிஜமாகவே நுணுக்கமான பகுதியை மட்டும் ஒழுங்காகக் கற்றுத்தந்தார்கள். வருஷங்கள் மாதங்களாகச் சுருங்கின. 1945-இல் திட்டத்தை மூடும்போது 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பயிற்சிச் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தார்கள். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது. இன்று நம் ஊர் கன்சல்டன்ட்கள் ஜப்பான் முறை என்று பவர்பாயின்ட் போட்டுக் காசு வாங்குகிறார்களே, அதில் கொஞ்சம் இந்தப் பத்து மணி நேர வகுப்புதான்.

இந்த வகுப்புக்குப் போன சூப்பர்வைசர்களுக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால், சொல்லித்தந்தவர் சொல்லித்தரவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்று சொல்கிறேன்.

நான் சூப்பர்வைசரான புதிதில், வேறொரு கம்பெனியில், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கழுத்து ரிப் கற்றுத்தந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி ‘அச்சா’வோடு சரி. மெஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, ரிப் ஜாயின்ட், அதாவது பட்டையின் ரெண்டு முனையும் சேர்கிற தையல், இந்தத் தோள்பட்டையில் வரவேண்டும் என்று கையைக் காட்டினேன். அழகாகத் தலையாட்டினாள். சாயங்காலம் செக்கிங்கிலிருந்து ரெண்டு பண்டில் அப்படியே திரும்பி வந்தது. தையல் அவ்வளவு நேர்த்தி, ஒரு பிசிறு இல்லை, ஆனால் ஜாயின்ட் அத்தனையும் வலது தோளில். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி அவளைத் திட்டினேன். ராத்திரி பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது, நான் எதிரில் நின்றேன், என் கை எந்தப் பக்கம் போனதோ அது அவளுக்கு மறுபக்கம். அவள் நான் காட்டியதைக் காட்டியபடியே செய்திருக்கிறாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. உங்கள் மூன்று பேரைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவள் முகம்தான் வந்தது.

அதனால் முதல் விஷயம், எதிரில் நிற்காதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆளின் பக்கத்தில், அவர் பார்க்கிற திசையிலேயே உட்காருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத மெஷினில் நீங்களே உட்கார்ந்து ஒரு ரிப்பை வையுங்கள், மெதுவாக. கை ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நிறுத்தி எழுதுங்கள். மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் என்ன செய்கிறோம், ரெண்டாவதில் எதில் கவனம், மூன்றாவதில் ஏன். கழுத்து ரிப்புக்கு நான் எழுதி வைத்திருப்பது சுமாராக இப்படிப் போகும். ரிப் வளையத்தை ஜாயின்டிலிருந்து நான்காக மடித்துக் குறி வைக்கிறோம். அடுத்து பாடியின், அதாவது டி-ஷர்ட்டின் உடம்புத் துணியின், கழுத்திலும் நான்கு குறி. இங்கே கவனம், டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்கிறவரின் இடது தோளுக்கு ஜாயின்ட் வரவேண்டும். பிறகு ரிப்பை மேலே வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டுக்கு அடியில் விடுகிறோம். இதில் மடித்த ரிப்பின் ரெண்டு விளிம்பும் பாடியின் ஒரு விளிம்பும் ஆக மூன்றும் ஒன்றாக நிற்கவேண்டும், ஒன்று உள்ளே நழுவினால் அங்கே தையல் பிடிக்காமல் ஓட்டை விழும். அடுத்து குறியிலிருந்து குறிவரை ஓட்டுகிறோம். ரிப்பை மட்டும்தான் இழுக்கவேண்டும், பாடியை இழுக்கக் கூடாது, இழுத்தால் அயர்னிங்குக்குப் போனதும் கழுத்து அலை அலையாக நிற்கும். பின்னாலிருந்து துணியைப் பிடித்து இழுக்கவும் கூடாது, ஊசி வளைந்து உடையும். கடைசியில் ஆரம்பித்த தையல் மேலேயே அரை இஞ்ச் ஏறி முடிக்கிறோம். அப்போது பாடி அடியில் மடிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளவேண்டும், மடிந்திருந்தால் கத்தி வெட்டிவிடும், அந்த பீஸை எந்த ஆல்டரேஷனும் காப்பாற்றாது.

மொத்தம் ஐந்து வேலை, அதற்கு ஐந்து ஆறு கவனம். நீங்கள் அந்தப் பையனிடம் இதையும், நூல் மாட்டுவதையும், பண்டில் டிக்கெட் ஒட்டுவதையும், மணிக்கு எத்தனை பீஸ் என்பதையும், முதலாளி வந்தால் செல்போனை உள்ளே வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? எதை விட்டால் பீஸ் பாழாகும், எதை விட்டால் விரல் போகும், எந்தச் சூட்சுமம் தெரிந்தால் கை லேசாகும், இந்த மூன்றில் ஒன்றில் அடங்காத எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது.

இனிமேல்தான் சொல்லித்தருவது. மெஷினில் உட்காரவைப்பதற்கு முன்னால் ரெண்டு நிமிஷம் பேசுங்கள். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார், தையல் தொட்டிருக்கிறாரா, சாப்பிட்டாரா. பேட்லாக் மெஷின் ஓட்டிய ஆளிடம் பெடல் எங்கே இருக்கிறது என்று ஆரம்பித்தால் அவமானமாக நினைப்பார். எதுவுமே தெரியாத ஆளிடம் அதைச் சொல்லாமல் விட்டால் நூல் மாட்டும்போது கால் பெடலில் இருக்கும். தையல் போட்ட டி-ஷர்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, போட்டுப்பார்க்கிறவன் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும் என்று சொல்லுங்கள், தான் செய்கிற வேலை எங்கே போய் நிற்கிறது என்று தெரியட்டும்.

பிறகு நீங்கள் செய்துகாட்டுங்கள், மூன்று தடவை. முதல் தடவை அந்த ஐந்து வேலையை மட்டும் சொல்லிக்கொண்டு. ரெண்டாம் தடவை கவனங்களைச் சேர்த்து. மூன்றாம் தடவை ஏன் என்பதையும் சேர்த்து. ஒரே வேலையை மூன்று தடவையா என்று உங்களுக்குச் சலிக்கும். மூன்று பீஸ் வைக்க எத்தனை நிமிஷம் ஆகும் தம்பி? ஆல்டரேஷனில் ஒரு ரிப்பைப் பிரிக்கிற நேரம் அதைவிட அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் எழுந்து அவரை உட்காரவையுங்கள். முதல் பீஸை அவர் பேசாமல் வைக்கட்டும், தப்பு வந்தால் அந்த நொடியே கையைப் பிடித்து நிறுத்துங்கள். ‘முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்’ என்று விட்டால் தப்பு கையில் பழகிவிடும். அடுத்த பீஸில் என்ன செய்கிறேன் என்று அவர் வாயால் சொல்லிக்கொண்டே வைக்கட்டும். அடுத்ததில் கவனத்தையும், அதற்கடுத்ததில் ஏன் என்பதையும் சொல்லட்டும். இங்கேதான் எல்லாம் இருக்கிறது. ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் உலகத்தில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கேட்கிறவர் சூப்பர்வைசர், பின்னால் லைனே பார்க்கிறது, என்ன சொல்வார்? ‘ஏன் பாடியை இழுக்கக் கூடாது, சொல்லு’ என்று கேளுங்கள், அப்போது தெரிந்துவிடும். சொல்ல வரவில்லை என்றால் திட்டாதீர்கள், நீங்கள் மறுபடி காட்டவேண்டும், அவ்வளவுதான்.

பாஷை தெரியாதே என்பீர்கள். அவர் ஒடியாவில் சொல்லட்டும், ஹிந்தியில் சொல்லட்டும். உங்கள் லைனில் ரெண்டு வருஷமாக இருக்கிற ஒடிசா ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார், முதல் நாள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சரியாகச் சொல்கிறாரா என்று அவர் கேட்டுச் சொல்வார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பீஸையும் கழுத்து அலைந்த ஒரு பீஸையும் தொங்கவிடுங்கள். அலைந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டால் போதும், எந்த பாஷையும் வேண்டாம். முதல் நாள் முழுக்கக் கட்டிங் வேஸ்ட்டில் ஓட்டவிடுங்கள், ஆர்டர் பீஸில் பழக்காதீர்கள்.

வந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு (அவர் சொல்லி இல்லை, நீங்கள் பார்த்து) தனியாக விடுங்கள். விடும்போது ஒரு ஆளைக் காட்டிவிட்டுப் போங்கள், சந்தேகம் வந்தால் இவரைக் கேள் என்று. இல்லையென்றால் பக்கத்து மெஷின்காரரைக் கேட்பார், அவரும் போன வாரம் வந்தவராக இருப்பார். முதல் நாள் அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், அடுத்த நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்படியே குறைத்துக்கொண்டே வாருங்கள். நம் ஊரில் எல்லோரும் விடுகிற இடம் இதுதான், காட்டிவிட்டுப் போனால் திரும்பி வருவது செக்கிங் புகார் வந்த பிறகுதான்.

இப்போது முதலாளி விஷயம். பதினொரு பேருக்கும் நீங்களே இப்படி உட்கார முடியாது, அது எனக்கும் தெரியும். ரெண்டு மூன்று சீனியர் டெய்லர்களுக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்து அவர்களை உட்காரவைக்க வேண்டும். ஆனால் பீஸ் ரேட்டில் ஓடுகிற ஆள் தன் மெஷினை நிறுத்திவிட்டு இன்னொருவனுக்குக் கற்றுத்தந்தால் அந்த நேரத்துக் காசு அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. அவர் ஏன் கற்றுத்தரவேண்டும்? ‘சீனியர்கள் யாரும் சொல்லித்தரமாட்டேன் என்கிறார்கள்’ என்று புலம்புகிற முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த ரெண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் போட்டவர்களைக் கொஞ்சமாகத்தான் பார்த்திருக்கிறேன். இதை அவரிடம் அறிவுரையாகச் சொன்னால் எடுபடாது. ஒரு வாரம் கழுத்து ரிப்பில் மட்டும் எத்தனை பீஸ் ஆல்டரேஷனுக்கு வந்தது, அதைப் பிரித்துத் தைக்க எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, கூட்டிப்போட்டு, அவர் டேபிளில் வையுங்கள். கணக்கு பேசுகிற ஆளிடம் கணக்கைத்தான் காட்டவேண்டும்.

கூடவே ஒரு சார்ட். இடதுபக்கம் ஆட்களின் பெயர், மேலே வரிசையாக வேலைகள்: ஷோல்டர், ரிப், கை ஏத்துவது, சைடு, பாட்டம் மடிப்பு. தெரிந்த வேலைக்கு ஒரு டிக், கற்றுத்தரவேண்டியதற்கு ஒரு தேதி. தேதி போடாத கட்டம் வெறும் ஆசை. இதைப் போட்டதும் ஒரு விஷயம் கண்ணில் அடிக்கும், பாட்டம் மடிப்பு லைனிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும் என்று. அவர் ஹோலிக்கு ஊருக்குப் போனால் லைன் நிற்கும். ஹோலி எப்போது வருகிறது என்பது காலண்டரில் இருக்கிறது, டிசம்பரிலேயே இன்னொருவரைப் பழக்கிவிடலாம்.

போன மூன்று பேரைப் பற்றி நீங்கள் உங்களையே ரொம்ப நொந்துகொள்ளவும் வேண்டாம். ரூம் சரியில்லை, பக்கத்து கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறான், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்படி நூறு காரணம் இருக்கும், நீங்கள் எவ்வளவு நன்றாகக் கற்றுத்தந்தாலும் சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் வந்த முதல் வாரமே செக்கிங் டேபிளுக்குக் கூப்பிட்டு, பாழான பீஸைத் தூக்கிக் காட்டி, எல்லோர் முன்னாலும் கத்துகிறோமே, அதற்காகப் போனவர்களும் அந்த மூன்றில் இருக்கலாம். அப்படிக் கத்தியிருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. நான் கத்தியிருக்கிறேன்.

எல்லா வேலைக்கும் ஒரேயடியாகத் தாள் எழுத உட்காராதீர்கள். கழுத்து ரிப் ஒன்றை மட்டும் எடுங்கள், ஒரே ஒரு ஆளோடு ஆரம்பியுங்கள். என் தாளைப் பார்த்து எழுதாமல், உங்கள் கையைப் பார்த்து எழுதுங்கள். உங்கள் கம்பெனி ரிப்பின் அகலம் வேறு, துணி வேறு, சூட்சுமமும் வேறாக இருக்கும். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.